'மொரித்தூரி': சாகப்போகிறவர்கள்

கேள்வி: சார், "மொரித்தூரி தே சலூத்தந்த்" என்ற லத்தீன் வாக்கியத்துக்கு 'சாகப்போகும் நாங்கள் உம்மை வணங்குகிறோம்' என்று படித்தேன். இதில் 'நாங்கள்' எங்கே இருக்கிறது?

பதில்: எங்கும் இல்லை. சலூத்தந்த் என்றால் 'வணங்குகிறார்கள்', படர்க்கைப் பன்மை. 'வணங்குகிறோம்' என்றால் சலூத்தாமுஸ் என்று வரும். மொரித்தூரி என்பது 'சாகப்போகிறவர்கள்'. அப்படியே நம் வினையாலணையும் பெயர்! ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஒரு வாக்கியத் துண்டே வேண்டும், நமக்கு ஒரு சொல் போதும். அதனால்தான் மாணவர்களிடம், லத்தீனை நேரே தமிழில் வைத்துப் பாருங்கள் என்று மன்றாடுகிறேன்.

கேள்வி: மொரித்தூருஸ், மொரித்தூரா என்றெல்லாம் வருகிறதே?

பதில்: தமிழில் சாகப்போகும் அரசன், சாகப்போகும் அரசி என்கிறோம். நம் பெயரெச்சம் அசையாது. லத்தீனில் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் மாறும். ஆணுக்கு மொரித்தூருஸ், பெண்ணுக்கு மொரித்தூரா, இரண்டுமல்லாத பாலுக்கு மொரித்தூரும். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தில் தீதோ அரசி தன்னையே மொரித்தூரா என்கிறாள். இன்னொன்று: மொரித்தூரி என்ற வடிவத்துக்குச் 'சாகப்போகிறவனுடைய' என்றும் பொருள் உண்டு. இங்கே வினைமுற்று பன்மையில் இருப்பதால் குழப்பமில்லை.

கேள்வி: 'இறந்த' என்பது மொர்த்துவுஸ். அப்படியானால் மொர்த்தூருஸ் என்றல்லவா வரவேண்டும்?

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். அமாத்துஸ், 'நேசிக்கப்பட்ட', அமாத்தூருஸ், 'நேசிக்கப்போகிற'. பொது வழி அதுதான். சில வினைகள் மட்டும் நடுவில் ஓர் இகரத்தை வாங்கிக்கொள்ளும். 'எழுந்த' ஒர்த்துஸ், 'எழப்போகிற' ஒரித்தூருஸ். இவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

கேள்வி: அஜெண்டாவும் இதே வகையா?

பதில்: இல்லை. அது 'செய்யப்பட வேண்டியவை', செயப்பாட்டுப் பொருள். மொரித்தூரி செய்வினை.

கேள்வி: ரோமானிய அரங்குகளில் சண்டையிட்ட கிளாடியேட்டர்கள் ஒவ்வொரு சண்டைக்கு முன்பும் இதைச் சொன்னார்களாமே?

பதில்: அதற்குச் சான்று இல்லை. ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெத்தோனியுஸ் சொல்வது ஒரே ஒரு நிகழ்ச்சி. கி.பி. 52இல் இத்தாலியின் ஃபூசினோ ஏரியில் பேரரசர் கிளாவ்தியுஸ் நடத்திய கப்பல் சண்டை. அதில் இறங்கியவர்கள் இப்படி வணங்க, அவர் "ஆவுத் நோன்" என்றார். 'அல்லது, இல்லை.' அந்த 'இல்லை' மொரித்தூரி மேல்தான் போய் ஒட்டுகிறது: சாகப்போகிறவர்கள், அல்லது சாகப்போகாதவர்கள். அவர்கள் அதை மன்னிப்பாகவே எடுத்துக்கொண்டு, சண்டை போட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அப்புறம் பேரரசரே இருக்கையிலிருந்து குதித்து, தள்ளாடிய நடையில் ஏரிக்கரையெல்லாம் ஓடி, பாதி மிரட்டியும் பாதி உற்சாகப்படுத்தியும் அவர்களைச் சண்டைக்கு இறக்க வேண்டியதாயிற்று.