இறுக்கமான துணி மேல் ஏன் இந்த மயக்கம்?

லைக்ரா போன்ற, இழுத்தால் நீளும் துணிகள் மீதான ஈர்ப்பைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பெயர் போடாமல் பதில் சொல்கிறேன்.

சைக்கிள் ஓட்ட லைக்ரா ஷார்ட்ஸ் வாங்கினேன். ஓட்டாத நாளிலும் போடத் தோன்றுகிறது. இது நோயா சார்?

இல்லை. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேடு, உடை மேல் கிளர்ச்சி வருவதை மட்டும் வைத்து யாரையும் நோயாளி ஆக்குவதில்லை. 6 மாதமாவது நீடித்து, மன உளைச்சல் தரவேண்டும் அல்லது அன்றாட வாழ்வைக் கெடுக்கவேண்டும். உங்களுக்கு ஷார்ட்ஸ் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

பருத்தி வேட்டியில் இல்லாத எது இதில் இருக்கிறது?

நல்ல கேள்வி. 1958-ல் டூபான்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ், உள்ளாடையில் ரப்பருக்கு மாற்றாக ஸ்பாண்டெக்ஸ் என்ற இழையைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்பது அதன் வணிகப் பெயர். அந்த இழையில் தளர்ந்த பகுதிகளும் கெட்டியான பகுதிகளும் மாறி மாறி வரும். தளர்ந்தவை நீளும், கெட்டியானவை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஐந்து மடங்கு இழுத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பும். திருப்பூர்க்காரர்கள் ‘காட்டன் லைக்ரா’ என்பதில் பெரும்பாலும் 100-க்கு 5 பங்குதான் இந்த இழை. அதற்கே அத்தனை பிடிப்பு!

தொளதொள சட்டையைப் போட்ட சில நிமிடங்களில் தோல் அதை மறந்துவிடும். இது விடாது. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சிலருக்கு அந்த அணைப்பு அமைதி, சிலருக்குக் கிளர்ச்சி. பளபளப்பு கண்ணுக்கு விருந்து.

ஒருவருக்கு வருகிறது, அடுத்தவருக்கு இல்லையே?

ஏதோ ஒரு அனுபவத்தோடு பொருள் தற்செயலாக ஒட்டிக்கொள்கிறது என்று 1887-லேயே பிரெஞ்சு உளவியலாளர் ஆல்ஃபிரெட் பினே எழுதினார். 1966-ல் ராக்மன் என்ற உளவியலாளர் பூட்ஸ் படத்தையும் பெண்களின் படத்தையும் அடுத்தடுத்துக் காட்டி, சில ஆண்களிடம் பூட்ஸுக்கே லேசான கிளர்ச்சியை உண்டாக்கிக் காட்டினார். பழக்கினால் ஒட்டும் என்பது வரை சரி. எல்லோருக்கும் ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கு அதில் விடை இல்லை.

கணவரின் அலமாரியில் அவர் அளவிலேயே பளபள லெக்கிங்ஸ் இருந்தது. வேறு பெண்ணோ என்று பயந்தேன். தனக்குத்தான் என்கிறார். நம்பலாமா டாக்டர்?

அவர் அளவில் இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே! இப்படி ஒளித்து வைக்கும் பலர் வெட்கத்தில்தான் ஒளிக்கிறார்கள். இதை வைத்து அவர் ஆண்களை விரும்புகிறார் என்றோ பெண்ணாக மாற நினைக்கிறார் என்றோ முடிவுகட்ட வேண்டாம். சண்டை இல்லாத ஒரு மாலையில், ‘இதில் உங்களுக்கு என்ன பிடிக்கிறது?’ என்று கேளுங்கள். கேட்டதால் ஒத்துக்கொண்டதாக ஆகாது. படுக்கையில் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். அவர் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். அது இல்லாமல் உங்களை நெருங்கவே முடியவில்லை என்றால் இருவருமாக ஆலோசகரைப் பாருங்கள்.

ஜிம்மில் டைட்ஸ் போட்டவர்களை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்...

இன்றே அழியுங்கள். அவர்கள் உடுத்தியது உடற்பயிற்சிக்கு.

நாள் முழுக்கப் போடலாமா?

நம் ஊர் வெயிலில் வேண்டாம். வியர்வை தங்கி இடுக்கில் படர்தாமரை வரும். இடுப்பில் மிக இறுகினால் வெளித்தொடை மரத்துப்போவதும் உண்டு. துவைக்கும்போது பிளீச் ஆகாது, சூடான இஸ்திரியும் ஆகாது. இழை செத்தால் முட்டிப் பக்கம் பை மாதிரித் தொங்கும். அப்புறம் எந்த மயக்கமும் வராது.