கல்லாப்பெட்டி யார் கையில்?

வரி போடும் அதிகாரத்தை மாநிலங்கள் டெல்லியிடம் பறிகொடுத்துவிட்டன என்று, சென்ற இதழில் வரிப் பங்கீடு பற்றி நான் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டுகளை நானே வைத்துக்கொண்டேன். கேள்விகளுக்கு இங்கே பதில். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வணிகவரித் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டிவிட்டு 2018-இல் ஓய்வு பெற்றவன் நான். எதைச் சொன்னாலும் பில் எங்கே என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும்.

கேள்வி: 'மத்திய அரசு' என்றால் மூத்த பேரன் முறைக்கிறான், 'ஒன்றிய அரசு' என்றால் இளையவன் முறைக்கிறான். நான் எதைச் சொல்லட்டும்?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, குளித்தலை

அரசியல் சாசனத்தின் முதல் கூறே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 'மத்திய அரசு' என்பதற்கும் 1897-ஆம் வருடத்துப் பொது விதிகள் சட்டத்தில் இடம் உண்டு. எங்கள் கோப்புகளில் 'மைய அரசு' என்று எழுதுவோம், அதற்காக யாரும் முறைத்ததில்லை. எப்படிக் கூப்பிட்டாலும் வர வேண்டிய பணம் வருகிறதா என்று பாருங்கள் டீச்சர்.

கேள்வி: அப்பா காலத்தில் விற்பனை வரி, அப்புறம் வாட், இப்போது ஜிஎஸ்டி. கடைக்காரனுக்கு எல்லாம் ஒன்றுதான். மாநிலம் எதைப் பறிகொடுத்துவிட்டது என்று இப்படிப் புலம்புகிறீர்கள்?
- பலசரக்கு வியாபாரி, விருதுநகர்

புலம்பக் காரணம் இருக்கிறது அண்ணாச்சி. பொது விற்பனை வரி என்ற ஒன்றை இந்த நாட்டில் முதலில் போட்டதே நம் சென்னை மாகாணம்தான். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடையை மூடினால் கஜானாவில் ஓட்டை விழும் அல்லவா? அதை அடைக்க 1939-இல் விற்பனை வரி வந்தது. ஒரு கொள்கையை முடிவுசெய்தவரே அதற்கான காசை எங்கே பிடிப்பது என்பதையும் முடிவுசெய்தார். டெல்லிக்குப் போய்க் கை கட்டி நிற்கவில்லை.

இனி என் கதை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த கையோடு சோதனைச்சாவடிகளை எடுத்தார்கள். கர்நாடக எல்லையில் ஒரு சாவடியில் அன்று எனக்கு ராத்திரி டியூட்டி. மேஜையில் மை உலராத ஸ்டாம்ப் பேட், டியூப்லைட்டைச் சுற்றி ஈசல். மார்பிள் ஏற்றிய ராஜஸ்தான் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு இறங்கி வந்தார். "இனிமேல் எதுவும் வேண்டாம், போகலாம்" என்றேன். அவர் நம்பவில்லை. லாரியைச் சுற்றி ஒரு நடை போய்விட்டுத் திரும்பி வந்து, சீல் கேட்டார். சீல் இல்லாமல் போனால் அடுத்த ஊரில் மடக்குவார்களாம். அவர் மன நிம்மதிக்காகப் பில்லின் பின்பக்கத்தில் ஒன்று குத்திக் கொடுத்தேன். என் உத்தியோகத்தில் நான் குத்திய கடைசி சீல், சட்டப்படி அர்த்தமே இல்லாத சீல். லாரிக்காரர்களுக்கு அது விடுதலைதான், மறுக்க மாட்டேன்.

சரி, வரியை நாமே முடிவுசெய்யும் அந்த அதிகாரம் எங்கே போனது? ஒன்றிய, மாநில நிதியமைச்சர்கள் கூடி வரி விகிதம் பேசும் ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு. அங்கே ஒன்றிய அரசின் ஓட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு, மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் தேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். சட்டமன்றம் உள்ள டெல்லி, புதுச்சேரி, ஜம்மு காஷ்மீரையும் சேர்த்தால் 31 பேர், மொத்த ஓட்டு 100 என்று வைத்தால் தலைக்கு சுமார் 2.15. 31 பேரும் ஒரே குரலில் கேட்டாலும் 66.67-க்கு மேல் போகாது, 75-ஐத் தொடவே முடியாது. ஒன்றிய அரசோ 20 பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். 12 பேர் முறுக்கிக்கொண்டால் தடுக்கலாம் என்பதும் உண்மைதான். ஆனால் தடுக்கலாமே தவிர, ஒன்றை நடத்திக்காட்ட முடியாது.

இந்தக் கவுன்சிலில் முதன்முதலாக ஓட்டெடுப்பு நடந்தது 2019 டிசம்பரில், லாட்டரிச் சீட்டுக்கு எவ்வளவு வரி என்பதற்காக. நாம் 2003-லேயே தலைமுழுகிவிட்ட சரக்கு அது!

கவுன்சிலின் பரிந்துரை மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2022-இல் மோகித் மினரல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதே என்பீர்கள். சொன்னது. ஆனால் ஒரு மாநிலம் மட்டும் சோப்புக்குத் தனி விகிதம் போட்டால் உங்கள் கடை பில் மெஷினே படுத்துவிடும் அண்ணாச்சி. ஏட்டில் இருக்கும் உரிமை அது.

கேள்வி: சுதந்திர தினத்தில் முதல்வர் கொடியேற்றுவது எப்போதிருந்து?
- பிளஸ் டூ மாணவர், திருவாரூர்

1974-இலிருந்து. அதுவரை ஆளுநர்கள்தான் ஏற்றினார்கள். கேட்டு வாங்கியவர் கருணாநிதி, கிடைத்தது எல்லா மாநில முதல்வர்களுக்கும்.

கேள்வி: பெட்ரோல் விலையில் பாதி வரி என்கிறார்கள். டெல்லி வாங்கும் வரியில் நமக்கும் பங்கு உண்டுதானே?
- ஆட்டோ ஓட்டுநர், மதுரை

உண்டு, பைசாவில். 2021-இன் கணக்கைச் சொல்கிறேன். அந்த வருடம் நவம்பரில் குறைக்கும்வரை ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசு வாங்கிய கலால் வரி 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கு போட வேண்டிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதியெல்லாம் செஸ் (குறிப்பிட்ட செலவுக்கென்று தனியாகப் போடும் வரி), கூடுதல் வரி என்ற பெயரில் வந்தவை. அந்தப் பெயர் வைத்தாலே பங்குக்கு வராது. வரிப் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக் குழுக்களில் பதினைந்தாவது, மாநிலங்களுக்கு ஒதுக்கியது 41 சதவீதம், அதாவது இந்த 1.40-இல் 57 காசு. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், இரண்டே கால் காசு சொச்சம் வரும். ஐந்து காசை நாம் ஒழித்தே எத்தனை வருடம் ஆகிறது!

அதே லிட்டரில் மாநிலம் தன் பங்குக்கு வாட் வாங்குகிறது, அதுவும் குறைவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு மூன்று ரூபாய் குறைத்தது. பெட்ரோலும் மதுவும் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால்தான் அப்படிக் குறைக்கவாவது முடிந்தது. கோட்டையில் மிச்சமிருக்கும் பெரிய சாவிகள் அவை. இரண்டுமே உடம்புக்கு ஆகாதவை என்பது வேறு விஷயம்.

கேள்வி: எங்கள் மண்ணைத் தோண்டிச் சுண்ணாம்புக்கல் போகிறது. இதற்கு வரி போட மாநிலத்துக்கு உரிமை இல்லையா?
- விவசாயி, அரியலூர்

உண்டு என்று உறுதியாக 35 வருடம் ஆனது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கனிமத்தைத் தோண்டும் உரிமைக்காக வசூலிக்கும் ராயல்டியின் மேல் தமிழ்நாடு ஒரு செஸ் போட்டது. ஒரு சிமெண்ட் நிறுவனம் வழக்குப் போட்டது. 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அந்த செஸ் செல்லாது என்றார்கள். தீர்ப்பில் ஒரு வாக்கியம், "ராயல்டி என்பது வரி" என்றது. ராயல்டியே வரி என்றால் மாநிலம் வேறு வரி போட முடியாது என்று, இதைப் பிடித்துக்கொண்டு நாடு முழுக்க மாநிலங்களின் கையைக் கட்டினார்கள். 2004-இல் வேறொரு வழக்கில் ஐந்து நீதிபதிகள் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, இது எழுத்துப் பிழை, "ராயல்டியின் மேல் போடும் செஸ் என்பது வரி" என்று இருந்திருக்க வேண்டும் என்றார்கள். ஏழு பேர் சொன்னதை ஐந்து பேர் திருத்தலாமா? அந்தச் சிக்கலை அவிழ்க்க ஒன்பது பேர் உட்கார வேண்டியிருந்தது. 2024 ஜூலை 25-இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ராயல்டி வரியல்ல, கனிம உரிமைக்கு மாநிலங்கள் வரி போடலாம் என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி நாகரத்னா மட்டும் மாறுபட்டார். தமிழ்நாடும் அந்த டிசம்பரிலேயே கனிம நிலங்களுக்கான வரிச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது.

இன்வாய்சில் ஒரு சொல் விடுபட்டதற்காக எத்தனை வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பேன். இங்கே யாருக்கு அனுப்புவது?

கேள்வி: டெல்லி மாநிலத்துக்குச் செய்வதைத்தானே சென்னை எங்களுக்குச் செய்கிறது? நான் தலைவியாக இருந்தபோது குடிதண்ணீர் மோட்டார் காயில் எரிந்து, மாற்ற அனுமதி வர 19 நாள் ஆனது.
- முன்னாள் ஊராட்சித் தலைவி, புதுக்கோட்டை மாவட்டம்

ஆமாம் அம்மா, செய்கிறது. அரசியல் சாசனத்தின் பதினோராவது அட்டவணையில் 29 விஷயங்கள் உங்களுக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் மாநிலம் அவற்றைக் 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது, கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. கிராமங்களுக்கே தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. நடுவில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆண்டார்கள். மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தால் ஊரே கொதிக்கும், ஊராட்சியில் தனி அலுவலர் ஆட்சி வந்தால் பெட்டிச் செய்திகூட வராது.

குளித்தலை டீச்சருக்கு நான் சொன்ன பதிலில் ஒன்று விட்டுப்போயிற்று. தலைவி அம்மா, உங்கள் ஊரில் 'ஒன்றியம்' என்றால் டெல்லி இல்லை, ஊராட்சி ஒன்றியத்தின் பி.டி.ஓ. ஆபீஸ். மோட்டார் கோப்பு அங்கேதானே கிடந்தது?