அமெரிக்காவுல 70கள்ல வந்த பெரிய பழைய கார் ஒண்ணு வாங்கி ஓட்டுறது நிஜமா எப்படி இருக்கும்? தினமும் ஓட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர் டெக்சாஸ்ல இருக்காராம், 70கள்ல வந்த நீளமான அமெரிக்கன் கார் ஒண்ணு வாங்க ரொம்ப நாளா ஆசை, ஆனா அதை ஓட்டணுமா இல்ல கராஜ்ல மூடி வச்சு காப்பாத்தணுமான்னு குழப்பம், வீட்லயும் யோசிக்கிறாங்கன்னு எழுதியிருக்கார். நான் மிச்சிகன்ல, டெட்ராய்ட் பக்கத்துல இருக்கேன். 9 வருஷமா ஒரு 1976 கேடிலாக் செடான் டிவில் வச்சிருக்கேன், கரும்பச்சை கலர், இந்த ஊர்லயே கிளார்க் ஸ்ட்ரீட் பாக்டரியில செஞ்ச வண்டி (அந்த பாக்டரிய 1987லயே மூடிட்டாங்க). அதனால எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன்.

ஓட்டுங்க. வாங்குறதா இருந்தா ஓட்டுறதுக்காக வாங்குங்க. இந்த வண்டிங்க ஓடி கெட்டுப்போனதைவிட நின்னு கெட்டுப்போனதுதான் ஜாஸ்தி.

முதல்ல சைஸ், ஏன்னா போட்டோல பாத்தா அது புரியாது. என் வண்டி 230.7 அங்குலம், அதாவது 19 அடிக்கு மேல. அகலம் 6 அடி 8 அங்குலத்துக்கு ஒரு நூல் கம்மி. எடை 2,300 கிலோ கிட்ட. இன்ஜின் 500 க்யூபிக் இன்ச், 8.2 லிட்டர் வி8. நம்ம ஊர் ஆல்டோ 800 இருக்குல்ல, அந்த மாதிரி பத்து இன்ஜினை ஒண்ணா சேத்தாக்கூட இதோட அளவுக்கு வராது. ஆனா பவர் எவ்வளவுன்னா 190 குதிரைத்திறன்தான். இதைக் கேட்டதும் எல்லாரும் "அவ்ளோதானா"ன்னு கேப்பாங்க. இதே 500 இன்ஜின் 1970ல கேடிலாக்கோட இன்னொரு மாடலான எல்டொராடோல வந்தப்போ 400னு போட்டிருந்தாங்க. நடுவுல ரெண்டு விஷயம் நடந்துச்சு, ஒண்ணு ஈயம் கலக்காத பெட்ரோலுக்காகவும் புகை சட்டத்துக்காகவும் கம்ப்ரெஷனை கொறச்சாங்க, இன்னொண்ணு 1972லேர்ந்து அளக்குற முறையையே மாத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி ஆல்டர்னேட்டர், சைலென்சர் எதுவும் மாட்டாம இன்ஜினை தனியா வச்சு அளந்த கணக்கு, அப்புறம் எல்லாத்தையும் மாட்டி அளந்த கணக்கு. அதனால அந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சு ஒப்பிடக்கூடாது. ஓட்டும்போது தெரியிறது வேற நம்பர், டார்க் (torque), அதாவது இன்ஜின் திருப்புற விசை, அது 2,000 ஆர்பிஎம்லயே முழுசா வந்துடும். சிக்னல்ல பச்சை விழுந்ததும் காலை லேசா வச்சா போதும், சத்தமே இல்லாம, ஆத்துல படகு கிளம்புற மாதிரி கிளம்பும்.

ஸ்டார்ட் பண்றதே ஒரு பழக்கம். சாவியைப் போட்டு திருப்பினா ஆகாது. ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு தடவை தரை வரைக்கும் மிதிச்சு விடணும், அப்போதான் கார்புரேட்டர்ல சோக் மூடும், கூடவே கொஞ்சம் பெட்ரோலும் உள்ள விழும், அப்புறம் காலை எடுத்துட்டு சாவியைத் திருப்பணும். நேத்து ஓட்டின வண்டின்னா ரெண்டு சுத்துல பிடிச்சுக்கும். மூணு வாரம் நின்ன வண்டின்னா கார்புரேட்டர்ல இருந்த பெட்ரோல் ஆவியா போயிருக்கும், பம்ப் மறுபடி டேங்க்லேர்ந்து இழுத்து நிரப்புற வரைக்கும் பத்து பதினைஞ்சு செகண்ட் சுத்திக்கிட்டே இருக்கணும், அந்த நேரத்துல பதட்டப்பட்டு திரும்பத் திரும்ப மிதிச்சா பெட்ரோல் வழிஞ்சு பிளக் நனைஞ்சிடும். பிடிச்சதும் வேகமா ஒரு ஐடில்ல ஓடும், இன்ஜின் சூடானப்புறம் ஒரு தட்டு தட்டினா கீழ இறங்கும். காலையில அந்த சத்தம் இறங்குறதைக் கேக்கவே நான் ரெண்டு நிமிஷம் டிரைவ்வேல நிப்பேன்.

பெட்ரோல் போடுற இடம் எங்கன்னு முதல் நாள் தேடுவீங்க. பின்னாடி நம்பர் பிளேட்டுக்குப் பின்னால இருக்கும், பிளேட்டை கீழ மடக்கிப் பிடிச்சுக்கணும், ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கும், அதனால முட்டியால அழுத்திக்கிட்டு போடணும். எந்தப் பக்கம் பம்ப் இருந்தாலும் கவலை இல்ல. டேங்க் 100 லிட்டருக்கு மேல பிடிக்கும். எனக்கு கிடைக்கிறது கேலனுக்கு 10லேர்ந்து 12 மைல், அதாவது லிட்டருக்கு நாலு, அஞ்சு கிலோமீட்டர். இதை வீட்ல முன்கூட்டியே சொல்லிடுங்க, பின்னாடி சொன்னா சண்டைதான் வரும்.

இவ்ளோ பெருசா ஏன் செஞ்சாங்கன்னு என் பொண்ணு கேட்டா. அந்த நாட்டோட அந்தக் காலத்தை வச்சுதான் அதைப் புரிஞ்சுக்கணும். 1956ல இன்டர்ஸ்டேட் ஹைவே சட்டம் வந்துச்சு, நாட்டை குறுக்க நெடுக்க இணைக்கிற நேர் ரோடு, பெட்ரோல் விலை அப்போ கேலன் 30 சென்ட் வாக்குல, ஊர் விட்டு ஊர் 500 மைல் ஒரே மூச்சுல போற ஜனம். அதுக்கு வேண்டியது வளைவுல துள்ளுற வண்டி இல்ல, நேரா அலுங்காம போற வண்டி. கேடிலாக் செய்யிற கம்பெனியான ஜிஎம்ல (ஜெனரல் மோட்டார்ஸ்) 1927லேர்ந்து டிசைன் பிரிவை நடத்தின ஹார்லி ஏர்ல்தான் காரை வருஷா வருஷம் நீளமா தாழ்வா ஆக்கிக்கிட்டே போன ஆள், பி-38 சண்டை விமானத்தோட வாலைப் பாத்து 1948 கேடிலாக்ல பின்னாடி மீன் துடுப்பு மாதிரி ரெண்டு சின்ன துடுப்பு வச்சாங்க, அது வளந்து வளந்து 1959ல உச்சத்துக்குப் போச்சு. அப்புறம் துடுப்பு போச்சு, நீளம் மட்டும் போகல. 1973ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தினதும் பங்க்ல வரிசை, 1974ல நாடு முழுக்க 55 மைல் வேகக் கட்டுப்பாடு. 1977 மாடல்ல கேடிலாக்கே 9 அங்குலத்துக்கு மேல நீளம் கொறஞ்சு போச்சு. ஆக என்னோடது அந்த சைஸுக்குக் கடைசி வருஷம். அதுல உக்காரும்போது எனக்கு இது எப்பவும் நினைப்புல இருக்கும்.

இப்போ எங்க அப்பா கதை. திருநெல்வேலியில அரசு பஸ் ஓட்டினவங்க, 31 வருஷம், பாபநாசம் ரூட்டுலயே பாதி வாழ்க்கை. பவர் ஸ்டியரிங் இல்லாத லேலண்டை ரெண்டு கையாலயும் மல்லுக்கட்டி திருப்பினவங்க, இப்பவும் தோள் வலின்னுவாங்க. போன தடவை இங்க வந்தப்போ ஒரு வார நாள் காலையில பான்டியாக் பராசக்தி கோவிலுக்குப் போயிட்டு, பார்க்கிங் லாட் காலியா இருந்துச்சு, சும்மா ஒரு சுத்து உருட்டுங்கப்பான்னு சாவியைக் கொடுத்தேன். உக்காந்தாங்க, கண்ணாடியை சரி பண்ணாங்க, பஸ்ல பண்ற மாதிரியே ரெண்டு பக்கமும் எட்டிப் பாத்தாங்க. பத்து மைல் வேகத்துல ஒரு விரலால ஸ்டியரிங்கை முழுசா திருப்பிட்டு "என்னலே இது, ரோடு கையில தெரியவே மாட்டேங்கு"ன்னாங்க. சரியாச் சொன்னாங்க. இந்த வண்டியில ரோடு கையில தெரியாது, கண்ணாலதான் பாத்து ஓட்டணும். வளைவுல உடம்பு சாயும், பாலத்து இணைப்புல ஏறி இறங்கினா மூக்கு ஒரு தடவை மெதுவா தலையாட்டிட்டு நிக்கும்.

ரெண்டாவது சுத்துல வண்டியை நிறுத்திட்டாங்க. "ஏ தம்பி, எங்கயோ காத்து போவுதுலே, கேக்கலயா உனக்கு?"

எனக்குக் கேக்கல. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு மாசமா ஏசி காத்து நெஞ்சுக்கு வராம முன் கண்ணாடிக்கே போய்க்கிட்டு இருந்துச்சு, நான் ஏதோ ஸ்விட்ச் கோளாறுன்னு நெனச்சு அதையே கழட்டி மாட்டிக்கிட்டு இருந்தேன், ஒரு கடையில டாஷ்போர்டு முழுசையும் எறக்கணும்னு பெரிய தொகை சொன்னாங்க. விஷயம் என்னன்னா இந்த வண்டியில ஏசியோட கதவுகளைத் திறந்து மூடுறது மோட்டார் இல்ல, இன்ஜின் இழுக்குற வேக்குவம், மெல்லிசு ரப்பர் குழாய் வழியா போகும். எங்கயாவது கசிஞ்சா ஸ்பிரிங் எல்லாத்தையும் கண்ணாடிப் பக்கம் தள்ளிடும், டிரைவருக்கு கண்ணாடியாவது தெளிவா தெரியட்டும்னு அப்படி வச்சிருக்காங்க. அப்பா 31 வருஷம் ஏர் பிரேக் கசிவைக் காதால பிடிச்சவங்க. ஏசியை அணைக்கச் சொல்லிட்டு, டாஷ்போர்டு கீழ தலையை விட்டு, ரெண்டு நிமிஷத்துல கையை ஒரு இடத்துல வச்சு அழுத்தினாங்க, "உஸ்"னு வந்த சத்தம் நின்னு போச்சு. அங்க ஒரு குழாய், மூட்டுல நகம் அளவுக்கு வெடிப்பு. சில டாலர் கொடுத்து ஒரு முழம் குழாய் வாங்கிட்டு வந்து வெட்டி சொருகினோம். ஏசி நெஞ்சுக்கு வந்துச்சு. அன்னைக்கு சாயங்காலம் அப்பா முன் சீட்டுல, அந்த சோபா மாதிரி ஒரே நீள சீட்டுல கையைப் பரப்பி உக்காந்துக்கிட்டு, முன்னாடி மட்கார்டு மேல இருக்குற சின்ன விளக்கைக் காட்டி அது என்னன்னாங்க. ஹெட்லைட், இண்டிகேட்டர் பல்புலேர்ந்து வெளிச்சத்தை மெல்லிசு இழை வழியா மேல கொண்டு வந்து டிரைவர் கண்ணுக்குக் காட்டுற அமைப்பு, பல்பு போச்சுன்னா இறங்கிப் போய் பாக்காமலே தெரிஞ்சிடும். "டிரைவரை நெனச்சு செஞ்சிருக்கான்"னாங்க. எனக்கு அந்த வண்டியைப் பத்தி இதுவரை யாரு சொன்னதுலயும் பிடிச்சது அதுதான்.

நின்னா கெடும்னு சொன்னேன்ல, எப்படின்னு சொல்றேன். இப்போ வர்ற பெட்ரோல்ல பத்து சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயை அரிக்கும், மாசக்கணக்குல நின்னா கார்புரேட்டருக்குள்ள பிசின் மாதிரி படியும். ஆயில் சீல் எல்லாம் காயும், பிரேக் சிலிண்டர்ல துரு ஏறும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், எலி வந்து வயரைக் கடிக்கும். 1976 எல்டொராடோ கன்வெர்டிபிளை (கூரையை மடக்கித் திறக்கிற வண்டி) இதுதான் அமெரிக்காவோட கடைசி கன்வெர்டிபிள்னு சொல்லி வித்தாங்க, 14,000 வண்டி, நிறைய பேர் பின்னாடி கோடி விலை போகும்னு அப்படியே மூடி வச்சுட்டாங்க, 1984ல அதே கம்பெனி மறுபடியும் கன்வெர்டிபிள் விட்டுச்சு. சில நூறு மைல் மட்டும் ஓடின அந்த மாதிரி வண்டி ஒண்ணை நான் பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு, ஆனா ரோட்டுக்கு கொண்டு வரணும்னா பெட்ரோல் டேங்க்லேர்ந்து பிரேக் வரைக்கும் எல்லாத்தையும் திறக்கணும். பாக்க எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு.

அதனால குளிர்காலத்துல பனி உருகறதுக்குப் போட்ட உப்பையெல்லாம் ஏப்ரல் கடைசியில மழை ரோட்டுலேர்ந்து கழுவினப்புறம் எடுப்பேன், நவம்பர் வரைக்கும் வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரத்துக்குக் கொறையாம ஓட்டுவேன், இன்ஜின் நல்லா சூடாகணும். குளிர்காலத்துல மட்டும் நிறுத்தி வைப்பேன், இங்க ரோட்டுல போடுற உப்பு இரும்பை ரெண்டு மூணு வருஷத்துல தின்னுடும். டேங்க் நிறைய பெட்ரோல், அதுல பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர், பேட்டரிக்கு சின்ன சார்ஜர், சைலென்சர் வாயில எலி போகாம ஸ்டீல் வூல். நடுவுல அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி அணைக்கிறது கூடவே கூடாது, சூடாகாத இன்ஜின்ல தண்ணிதான் சேரும். டெக்சாஸ்ல உங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல, ஆனா வெயில்ல கார்புரேட்டர்ல பெட்ரோல் கொதிச்சு, சூடா நிறுத்தின வண்டி பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆகாம அடம் பிடிக்கும், டாஷ்போர்டும் விரிசல் விடும்.

தினமும் ஆபீஸுக்கு? முடியும், ஆனா செய்யாதீங்க. மெயின் காரணம் இன்சூரன்ஸ், பழைய கார்களுக்கு முன்கூட்டியே விலை பேசி எழுதுற பாலிசி கம்மி காசுல கிடைக்கும், ஆனா பெரும்பாலும் தினசரிக்கு வேற வண்டி இருக்கணும்னு கேப்பாங்க. அடுத்தது பிரேக். முன்னாடி டிஸ்க், பின்னாடி டிரம், ஏபிஎஸ் கிடையாது, முன்னால போற வண்டி பட்டுனு நின்னா உங்க 2,300 கிலோ அப்படி நிக்காது. நான் எப்பவும் ரெண்டு கார் இடைவெளி ஜாஸ்தி விடுவேன், அதுல எவனாவது வந்து நுழைவான், நுழையட்டும், மறுபடி பின்வாங்குவேன். மழையில திடீர்னு மிதிச்சா பின் சக்கரம் லாக் ஆகும், ஒரு தடவை எனக்கு ஆச்சு, வண்டி குறுக்க திரும்பி நின்னுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா குழந்தைங்க பின்னாடி இருந்தாங்க. அதுக்கப்புறம் மழை வரும்னா எடுக்கறதே இல்ல.

வாங்கும்போது பெயின்ட்டைப் பாத்து மயங்காதீங்க. கீழ படுத்து சேஸிஸைப் பாருங்க, பின் சக்கரம் பக்கம் சுத்தியலால லேசா தட்டுங்க, இரும்பு சத்தம் வரணும், பொத்துனு வந்தா அடுத்த வண்டியைப் பாக்கப் போயிடுங்க. வினைல் கூரை இருந்தா பின் கண்ணாடி ஓரத்துல விரலால அழுத்துங்க, மொறுமொறுன்னா உள்ள துரு. டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம், பட்டன் நல்லா இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல போன டயரை நம்பி ஹைவே ஏறாதீங்க. பம்பருக்கும் பாடிக்கும் நடுவுல இருக்குற பிளாஸ்டிக் துண்டு இத்தனை வருஷத்துல பிஸ்கட் மாதிரி உதிரும், அது பெரிய விஷயம் இல்ல, புதுசு கிடைக்குது. ஆயில் போடும்போது ஜிங்க் ஜாஸ்தி இருக்குற ஆயிலா பாத்துப் போடுங்க, இந்த இன்ஜின்ல கேம் ஷாஃப்ட் உரசுற விதத்துக்கு இப்போ வர்ற சாதா ஆயில் பத்தாது. டைமிங் செயின் ஓடுற பல் சக்கரத்துல அந்தக் காலத்துல சத்தம் கொறையணும்னு நைலான் போட்டிருப்பாங்க, வயசான நைலான் உடையும், மாத்தியாச்சான்னு வித்தவர்கிட்ட பில்லோட கேளுங்க, இல்லன்னா முதல் வேலையா முழு இரும்பா மாத்திடுங்க. கேடிலாக்னா 1958லேர்ந்து இருக்குற கேடிலாக் அண்ட் லாசால் கிளப்ல சேருங்க, அங்க இருக்குற பெருசுங்க போன்லயே சத்தத்தைக் கேட்டு வியாதி சொல்வாங்க.

இன்னொண்ணு, உங்க கராஜோட ஆழத்தை டேப் வச்சு அளங்க. நிறைய வீட்ல 20 அடிதான், அதுல 19 அடி வண்டி போனா ஷட்டருக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு சாண்தான் மிஞ்சும். நான் சுவர்ல இருந்த அலமாரியைக் கழட்டிட்டு, முன் கண்ணாடியில வந்து தொடுற மாதிரி உத்தரத்துலேர்ந்து ஒரு டென்னிஸ் பந்தைக் கயித்துல தொங்க விட்டிருக்கேன், பந்து தொட்டா நிறுத்தணும்.

ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை இந்தப் பக்கம் வர முடிஞ்சா வாங்க, உட்வர்ட் டிரீம் க்ரூஸ், 1995லேர்ந்து நடக்குது, ஃபெர்ன்டேல்லேர்ந்து பான்டியாக் வரைக்கும் உட்வர்ட் ரோடு முழுக்க பழைய வண்டிங்க ஊர்ந்து போகும், ரெண்டு பக்கமும் ஜனங்க மடக்கு நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. நாங்க காலையில தயிர் சாதம் கட்டிக்கிட்டு கிளம்புவோம். பின் சீட்டுல ஒரு இடம் காலியாத்தான் இருக்கும், மூணு பேர் கால் நீட்டி உக்காரலாம், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை உக்காந்து பாருங்க.