காதுக்குள் நீர்: இந்த வாரமே ஆபரேஷன் செய்தாக வேண்டுமா?

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "நாலு வயது மகனுக்குச் சளி பிடித்து ஒன்றரை மாதம் ஆகிறது. அதற்கப்புறம் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை, டிவி சத்தத்தையும் கூட்டிக்கொண்டே போகிறான். காதுக்குள் நீர் கோத்திருக்கிறது, இந்த வாரமே ஆபரேஷன் செய்து செவிப்பறையில் சின்ன ட்யூப் வைக்காவிட்டால் பேச்சு பாதிக்கும் என்கிறார்கள். என்ன செய்வது?"

இந்த வாரமே செய்தாக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது, அதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இறங்கும், குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருக்கும். சளி பிடித்தால் வீங்கி அடைத்துக்கொள்கிறது, காற்று போகாமல் உள்ளே நீர் சேர்கிறது. பள்ளிக்கூட வயதுக்கு முன்பே பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு ஒரு தடவையாவது இது வந்து போகிறது, பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றியும் விடுகிறது. அதுவரை காது கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும். முகத்துக்கு நேரே பேசினால் புரிந்துகொள்வான், அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாது. தயவுசெய்து அதற்காக அவனைத் திட்டாதீர்கள்.

பேச்சு கெட்டுவிடும் என்ற பயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் ஜாக் பாரடைஸ் என்ற குழந்தை மருத்துவர் இதைத்தான் ஆராய்ந்தார். மூன்று வயதுக்குள் நீர் விடாமல் தங்கிவிட்ட 429 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனே ட்யூப் வைத்தார்கள், மற்றவர்களுக்கு ஒன்பது மாதம் வரை பொறுத்து, அப்போதும் நீர் இருந்தால் மட்டும் வைத்தார்கள். 2001-இல் வந்த முதல் முடிவிலும் சரி, அதே குழந்தைகளை ஒன்பது முதல் பதினோரு வயதில் சோதித்து 2007-இல் வெளியிட்ட முடிவிலும் சரி, பேச்சிலோ படிப்பிலோ அவசரப்பட்டவர்களுக்கு எந்த லாபமும் தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் பெற்றோரை அதே வாக்கியத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள் என்றால் எனக்குக் கோபம் வருகிறது.

அதைவிடக் கோபம் வருவது இடையில் புகுந்து காசு பார்ப்பவர்கள் மேல். காதுக்குச் சொட்டு மருந்து கொடுப்பார்கள். ஓட்டையில்லாத செவிப்பறையைத் தாண்டி அது உள்ளே போகவே போகாது, நீர் இருப்பதோ அந்தப் பக்கம். அழுக்கு எடுக்கிறேன், மெழுகுவர்த்தி வைத்து உறிஞ்சுகிறேன் என்பவர்களைக் காதுக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள், சூடான மெழுகு உள்ளே ஒழுகிச் சுட்டுவிடும். ஆன்டிபயாடிக், மூக்கடைப்பு மருந்து, அலர்ஜி மாத்திரை, ஸ்டீராய்டு எதுவும் இந்த நீரை வற்றவைக்காது; இதற்காக அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றே மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. சில இடங்களில் காது பரிசோதனை செய்பவரே காது மிஷினையும் விற்பார், கையெழுத்து போடும் வரை விடமாட்டார். ட்யூப், அடினாய்டு (மூக்கின் பின்பக்கத்தில் இருக்கும் சதை), டான்சில் மூன்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம் என்று சேர்த்து விலை பேசினால், ஒவ்வொன்றும் எதற்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். அடிக்கடி தொண்டைப் புண் வருகிறது என்று டான்சிலை எடுக்க, ஒரே வருடத்தில் ஏழு முறையாவது வந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு ஐந்து முறை, மூன்று வருடம் தொடர்ந்து என்றால் வருடத்துக்கு மூன்று முறை. இந்தக் கணக்கும் பாரடைஸுடையதுதான்.

காத்திருக்கக் கூடாத ஒரு சாராரை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்: அண்ணப் பிளவோடு, அதாவது வாயின் மேற்கூரை பிளந்து பிறந்த குழந்தைகள். காதிலிருந்து மூக்குக்குப் போகும் அந்தக் குழாயைத் திறக்கும் தசை அண்ணத்தில்தான் இருக்கிறது. பிளவு இருந்தால் தசை சரியாக இழுக்காது, நீர் சுலபத்தில் வற்றாது, பிளவைத் தைத்த பிறகும் பல வருடம் தொல்லை தரும். பாரடைஸின் ஆராய்ச்சி இவர்களுக்குப் பொருந்தாது. வெளியே தெரியாத பிளவும் உண்டு, மேல்தோல் மூடியிருக்கும், உள்ளே தசை சேர்ந்திருக்காது. டார்ச் அடித்து மகனை 'ஆ' சொல்லச் சொல்லுங்கள். உள்நாக்கு நுனியில் இரண்டாகப் பிரிந்திருந்தாலோ, பால் குடிக்கும் வயதில் மூக்கு வழியாகப் பால் வந்திருந்தாலோ, பேச்சு மூக்கால் வந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். பிளவு இருப்பதைப் பார்க்காமல் அடினாய்டை எடுத்துவிட்டால் பேசும்போது காற்றெல்லாம் மூக்கு வழியாகப் போய்விடக்கூடும், சரிசெய்வது பெரும்பாடு. வாயைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் போதும், அதைக்கூடச் செய்யாமல் ஆபரேஷன் தேதி கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, இப்போது செய்ய வேண்டியது: நீர் இருப்பதாக முதலில் சொன்ன தேதியைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து மூன்று மாதத்தில் திரும்பக் காட்டுங்கள். யாராவது ஞாபகப்படுத்துவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். அப்போதும் நீர் இருந்தால் எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுக்கச் சொல்லுங்கள். செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோகிராமில் 'பி' என்று வந்தால் செவிப்பறை அசையவில்லை என்றுதான் அர்த்தம், எவ்வளவு கேட்கிறது என்பதை அது சொல்லாது. இரண்டு காதும் மந்தம் என்று தெரிந்தால் ட்யூப் பற்றித் தாராளமாகப் பேசலாம், நல்ல சிகிச்சைதான், பெரும்பாலும் ஒரு வருடம் ஒன்றரை வருடத்தில் தானே விழுந்துவிடும். நடுவில் காய்ச்சலோடு காது வலித்தாலோ சீழ் வடிந்தாலோ தேதி பார்க்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.