புகைபோக்கிப் பழுது: 35,000 ரூபாயா, மூன்றேகால் இலட்சமா?

கேள்வி: நுவரெலியா நகருக்குச் சற்று வெளியே, வெள்ளைக்காரர் காலத்து பங்களா ஒன்றை வாங்கிக் குடியிருக்கிறோம். மழைக்காலத்தில் புகைபோக்கியை ஒட்டிய சீலிங் நனைந்து, சுவரில் பழுப்புக் கறை இறங்குகிறது. கணப்படுப்பை மூட்டினால் புகை அறைக்குள்ளேயே திரும்புகிறது. சென்ற ஆண்டு கூரைத்தகரம் முழுவதையும் மாற்றினோம். பழைய பலகை ஜன்னல்களை எடுத்துவிட்டு அலுமினிய ஜன்னல்கள் போட்டோம். புகைபோக்கி முழுவதும் சீமெந்து பூசி, நீர்புகாத பெயின்ட் அடிக்க ஒரு மேசன் 35,000 ரூபாய் கேட்கிறார். ஒப்பந்தக்காரர் ஒருவர், அடியோடு இடித்துக் கட்ட 3,25,000 ரூபாய் என்கிறார். எது நியாயமான விலை?

பதில்: இரண்டுக்கும் இப்போது சம்மதிக்காதீர்கள். ஒழுக்கும் புகையும் இரண்டு வேறு குறைகள். இரண்டு மதிப்பீடுகளும் அவற்றை ஒன்றாகக் கட்டி ஒரே விலை போட்டிருக்கின்றன. காரணம் என்னவென்று பார்க்காமல் சொன்ன விலை, சிறியதானாலும் பெரியதானாலும், உங்களுக்கு நட்டம்தான்.

முதலில் புகை. உங்கள் கேள்வியிலேயே ஒரு தடயம் இருக்கிறது: அலுமினிய ஜன்னல். நெருப்பு எரிய எரிய, புகைபோக்கி அறைக் காற்றை மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர வேண்டும். பழைய பலகை ஜன்னல்களின் இடுக்குகள் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவந்தன. புதிய ஜன்னல்கள் வழியை அடைத்துவிட்டன. இன்று மாலை நெருப்பு மூட்டி, கணப்படுப்புக்கு அருகிலுள்ள ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வையுங்கள். புகை நின்றால், அந்தக் குறைக்குச் செலவு சுவரில் ஒரு காற்றுத்துளை போடுவது மட்டுமே. சமையலறையில் புகை உறிஞ்சும் மின்விசிறி இருந்தால், அதை நிறுத்திவிட்டும் ஒரு முறை பாருங்கள்.

ஜன்னலைத் திறந்தும் புகை திரும்பினால் மூன்று காரணங்களைத் தேட வேண்டும். குழாய் அடைத்திருக்கலாம்: பறவைக் கூடு, உதிர்ந்த சாந்து, கெட்டிப்பட்ட கரி. விறகு ஈரமாக இருக்கலாம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். மலைநாட்டு ஈரக்காற்றில் யூகலிப்டஸ் விறகு நன்றாகக் காய, கூரைக்குக் கீழே பிளந்து அடுக்கி ஓர் ஆண்டாவது வைக்க வேண்டும். ஈர விறகின் புகை குழாயின் உட்சுவரில் தார் போலப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவே தீப்பற்றலாம். மூன்றாவது காரணம் உயரம். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடியும், பத்து அடித் தூரத்துக்குள் இருக்கும் கூரை முகட்டையோ வேறு எதையுமோ விட இரண்டு அடியும் புகைபோக்கி உயர்ந்திருக்க வேண்டும். கூரை மாற்றும்போது முகட்டை உயர்த்தியிருந்தால் இதை அளந்து பாருங்கள்.

காரணம் தெரியும்வரை அந்த அறையில் யாரும் தூங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புகை கண்ணை எரிக்கும், அதனால் எழுந்துவிடுவோம். அதனோடு வரும் கார்பன் மோனொக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காகக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதுவும் இதே ஆபத்துத்தான்.

இனி ஒழுக்கு. கூரை மாற்றிய பிறகு கூடியதா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். கூரைத்தகரமும் செங்கல்லும் சந்திக்கும் இடத்தில் பழைய பங்களாக்களில் ஈயத்தகடு பதித்திருப்பார்கள். அதன் மேல்விளிம்பு செங்கல் வரிகளுக்கு இடையேயுள்ள சாந்துக்குள் செருகப்பட்டிருக்கும். கூரைக்காரர்கள் அதைப் பிடுங்கிவிட்டு, ஒரு கை சீமெந்துக் கலவையை அப்பிவிட்டுப் போவது சாதாரணமாக நடக்கிறது. வெயிலில் தகரம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, சீமெந்து அசையாது. இரண்டுக்கும் இடையே முதல் ஆண்டிலேயே வெடிப்பு விழும்.

மழை இல்லாத ஒரு நாளில் குழாய்த் தண்ணீரைக் கொண்டு சோதியுங்கள். கீழே தகரமும் செங்கல்லும் சேரும் கூரைச் சந்தில் பதினைந்து நிமிடம், பிறகு புகைபோக்கியின் செங்கல் உடலில், கடைசியாக அதன் தலையில் வார்த்திருக்கும் உச்சி மூடியில். ஒருவர் டோர்ச்சுடன் சீலிங்கிற்கு மேலே இருக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் ஈரம் தெரிகிறதோ, அங்கேதான் வேலை. கறை பழுப்பாக, கரி நாற்றத்தோடு இருந்தால், உச்சி வழியாக இறங்கும் தண்ணீர் உட்படிவைக் கரைத்துக்கொண்டு சுவருக்குள் ஊறுகிறது என்றும் கொள்ளலாம்.

விலையை நாட்கூலியில் எண்ணிப் பாருங்கள். ரூபாயில் சொன்ன விலை சீக்கிரம் பழையதாகிவிடும், வேலை பிடிக்கும் நாட்கள் மாறுவதில்லை. ஒரு மேசன், ஒரு கையாள் சோடிக்கு நாளொன்றுக்கு 8,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர்க் கூலியை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். குழாயைச் சுத்தம் செய்ய ஒரு நாள். கூரைச் சந்தில் புதிய தகடு வைத்து, சாந்து வரியை வெட்டிச் செருக இரண்டு நாள். உச்சி மூடியை உடைத்துப் புதிதாக வார்க்க ஒரு நாள். கூரைக்கு மேலே தெரியும் செங்கல்லின் சாந்தைச் சுரண்டி மீண்டும் நிரப்ப இரண்டு நாள். ஆக ஆறு நாள், 48,000 ரூபாய். தகடு, சீமெந்து, சுண்ணாம்பு, மணல், சாரம், ஏற்றுக்கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பதாயிரம் ஒதுக்கினால், எல்லாமே தேவைப்பட்டாலும் ஒரு இலட்சத்துக்குள் முடியும். கூரைச் சந்து மட்டும்தான் குறை என்றால், அதில் மூன்றில் ஒரு பங்கு போதும்.

கூரைக்கு மேலுள்ள பகுதியை மட்டும் பிரித்துக் கட்டுவதானால் மேலும் நான்கைந்து நாட்களும் செங்கல் செலவும் சேரும். செங்கல் கையோடு உதிர்ந்தால் அல்லது புகைபோக்கி சாய்ந்திருந்தால்தான் அது தேவை. அடியோடு இடிப்பதற்கு நீங்கள் சொன்னதில் ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் வீட்டுச் சுவரிலும் தரையிலும் முற்றத்திலும் ஒரே திசையில் வெடிப்பு ஓடினால், அது மேசன் வேலையே அல்ல. மண்சரிவு அபாயத்தைப் பார்க்கத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்திடம் முறையிட வேண்டும்.

35,000 ரூபாய் வேலையையும் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அக்காலச் செங்கல் மென்மையானது, பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டது. உள்ளே போன ஈரம் அந்தச் சாந்து வழியாகத்தான் வெளியேறுகிறது. கெட்டிச் சீமெந்தும் பெயின்டும் அந்த வழியை மூடினால், ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, முகம் பொரிந்து உதிரும். ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்ற கலவையைக் கேட்டு வாங்குங்கள். உச்சி மூடி செங்கல்லைத் தாண்டி இரண்டு அங்குலம் வெளியே நீண்டு, அடியில் நீர் சொட்டும் வெட்டு ஒன்றோடு இருக்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் மேசன் செங்கல்லோடு சமமாகப் பூசிவிடுவார், தண்ணீர் உடலோடு வழியும்.

பேசும்போது சாரம் யார் பொறுப்பு, உடையும் தகரத்துக்கு யார் பொறுப்பு, இடிபாட்டை யார் அகற்றுவது என்பதை எழுதி வாங்குங்கள். முற்பணம் பொருட்செலவை மீற வேண்டாம். ஒரு பகுதியை நல்ல மழை ஒன்று பெய்து முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் வீட்டில் அஸ்பெஸ்டஸ் கூரை இருந்தால், குறுக்கே பலகை போடாமல் யாரையும் ஏற்றாதீர்கள். ஆள் எடை தாங்காமல் அது உடைந்துவிடும். வெட்ட நேர்ந்தால் நனைத்து, கைவாளால் வெட்ட வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு.

காலம் பார்த்துச் செய்வதிலும் பணம் மிஞ்சும். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் பெப்ரவரி, மார்ச் மாதங்கள் ஏற்றவை. ஆனால் ஏப்ரல் வசந்த காலத்துக்காக விருந்தினர் விடுதிகள் எல்லாம் வேலை தொடங்குமுன் மேசனைப் பேசிவைக்க வேண்டும். பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடையில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மழை குறைவு. காற்றுப் பலமாக இருக்கும் என்பதால் சாரத்தை இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் அன்றிரவே பெரிய நெருப்பு மூட்ட வேண்டாம். புதிய மூடியை ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். மூன்று வாரம் கழித்து, முதல் சில நாட்கள் சுள்ளி நெருப்பு மட்டும் போட்டுச் சூடேற்றுங்கள்.