கேளுங்க, சொல்றோம்: கடல் முன்னாடியே அமிலமாச்சாமே?

கேள்வி: ஐயா, மகன் வர்சிட்டில ஜியாலஜி படிக்கிறான். டைனோசர் காலத்துல காத்துல கார்பன் டை ஆக்சைடு இப்ப விட ரொம்ப அதிகமாம், ஆனா அப்பதான் சுண்ணாம்புப் பாறை மலை மலையா உண்டாச்சாம். அப்புறம் ஏன் இப்ப மட்டும் அது கடல்ல கலந்து கடல் அமிலமாகும், சிப்பி கரையும், பவளம் போயிடும்னு பயமுறுத்துறாங்க?
(வாசகி, சாட்ஸ்வொர்த்)

பதில்: பையன் சொல்றது நெசம்தான்மா. ஆனா எவ்வளவு கார்பன்ங்கறத விட எவ்வளவு வேகமா வந்துச்சுங்கறதுதான் விஷயம். லட்சக்கணக்கான வருஷத்துல மெதுவா ஏறினா மழை பாறைய அரிச்சு, அந்தக் கால்சியமும் காரமும் ஆத்தோட கடலுக்கு வந்து சேந்துடும், அதனால பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டற அளவு, 7க்கு கீழ அமிலம், மேல காரம்) குறைஞ்சாலும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறையாது. திடீர்னு கொட்டினா அதுக்கெல்லாம் நேரம் ஏது, மேல் தண்ணி அடியாழம் வரைக்கும் கலக்கவே ஆயிரம் வருஷம் கிட்ட ஆகும்.

திடீர்னு கொட்டினதுக்கு சாட்சி நம்ம தென்னாப்பிரிக்காவுக்குப் பக்கத்துலயே இருக்கு. நமீபியாவுக்கு மேற்கே அட்லாண்டிக் அடியில வால்விஸ் ரிட்ஜ்னு ஒரு மலைத்தொடர், 2003ல அங்க கப்பல்லேந்து துளை போட்டு மண் எடுத்தாங்க. வெள்ளை வெளேர்னு சுண்ணாம்புச் சேறு வந்துக்கிட்டே இருக்கு, 5.6 கோடி வருஷத்துக்கு முந்தின இடத்துல மட்டும் சட்டுனு செம்பழுப்புக் களிமண், சுண்ணாம்பு கிட்டத்தட்ட பூஜ்யம். ஆழம் கூடக் கூட அந்தப் பட்டையும் தடிமனாகுது. அத்தனையும் கரைஞ்சு போச்சு, பழைய நிலைக்கு வர லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆழ்கடல் அடியில வாழ்ந்த ஃபோராமினிஃபெரா (ஓடு கட்டற ஒரு செல் உயிரி) இனங்கள்ல 30லேந்து 50 சதவீதம் அதோட காலி.

எவ்வளவு கார்பன் கொட்டுச்சுன்னு கணினியில மாடல் பண்றவங்க வேலை வரவு செலவு கணக்குதான். காத்து, மேல்கடல், ஆழ்கடல், அடிமண்ணுன்னு தனித்தனி பெட்டி, எதுலேந்து எதுக்கு எவ்வளவு போகுதுன்னு சமன்பாடு. கார்பன கூட்டிக் குறைச்சுப் போட்டு எப்ப அந்தக் களிமண் பட்டை ஒத்துப்போகுதுன்னு பாப்பாங்க. 2009ல ஸீபி, ஸாக்கோஸ், டிக்கன்ஸ்னு மூணு விஞ்ஞானிங்க போட்ட கணக்குல ஆரம்பத்துல வந்தது சுமார் 3 லட்சம் கோடி டன் கார்பன். 2017ல ஃபோராமினிஃபெரா ஓட்டுல இருக்கற போரான்ங்கற தனிமத்த வச்சுப் போட்ட இன்னொரு கணக்கு 10 லட்சம் கோடியையும் தாண்டுச்சு! மொத்தம் எவ்வளவுங்கறதுல இவ்வளவு சண்டை இருக்கு, ஆனா வேகம்னு வந்தா 2016 கணக்குப்படி அப்ப வருஷத்துக்கு சுமார் 100 கோடி டன்தான், இப்ப நாம விடறது 1000 கோடி கிட்ட. மகன்கிட்ட இந்த ரெண்டு நம்பரையும் காட்டுங்க.

கேள்வி: கடல் அமிலமானா நம்ம டர்பன் நார்த் பீச்ல குளிச்சா தோல் எரியுமா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: தாராளமா குளிங்க தம்பி. பிஹெச் 8.2 கிட்ட இருந்தது 8.1க்கு வந்திருக்கு, இன்னும் காரம்தான், 7க்கு கீழ போற பேச்சே இல்ல. அமிலமாகுதுங்கறது போற திசையச் சொல்றது. உங்க தோலுக்கு ஒண்ணும் ஆகாது, தெக்கத்தி பெருங்கடல்ல மிதக்கற டெரோபாட்னு குட்டி நத்தையோட ஓடுதான் இப்பவே அரிக்க ஆரம்பிச்சிருக்கு.