பேர் எழுதாம விட்டவங்க

கேள்வி: லிங்கன் டகோட்டா பழங்குடிக்காரங்கள மன்னிச்சு தன் கையாலயே ஒரு கடிதம் எழுதினாராம், ஆனா அதுல இருக்கிறது தூக்குல போட வேண்டியவங்க பேர்தானாம். மன்னிப்புன்னா விட்டவங்க பேர்தானே இருக்கணும்? - ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: கடிதமும் அந்தப் பேர் பட்டியலும் உண்மைதாங்க. 1862 டிசம்பர் 6, டகோட்டா ஜனங்கள எதிர்த்த படையை நடத்தின ஜெனரல் சிப்லிக்கு எழுதினது, இப்ப அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்து செயின்ட் பால்ல மினசோட்டா வரலாற்றுச் சங்கத்துகிட்ட இருக்கு. வாயில நுழையாத டகோட்டா பேரையெல்லாம் அசை அசையா பிரிச்சு, பக்கத்துலயே வழக்கு நம்பரும் போட்டு தூக்குல போட வேண்டிய 39 பேரோட பேர லிங்கனே எழுதியிருக்கார், ஏன்னா பேர் மாறினா உயிர் போயிரும்னு அவருக்கு தெரியும். அந்த வருஷம் ஆகஸ்ட்ல, அரசாங்கம் தர வேண்டிய பணம் வராம பசியில கிடந்த டகோட்டா ஜனங்க மினசோட்டாவுல சண்டைக்கு எழுந்தாங்க, குடியேறின வெள்ளைக்காரங்க நூத்துக்கணக்குல செத்தாங்க, அப்புறம் ராணுவ கோர்ட்டு வச்சு 303 பேருக்கு மரண தண்டனை குடுத்துட்டாங்க. வக்கீல் கிடையாது, சில விசாரணை அஞ்சு நிமிஷம்கூட நடக்கல. லிங்கன் எல்லா ரெக்கார்டையும் வரவழைச்சு, சண்டையில மட்டும் நின்னவங்க யாரு, பொதுமக்கள கொன்னவங்க யாருன்னு பிரிச்சு பாக்க வச்சார். ஆனா மீதி 264 பேர மன்னிச்சேன்னு அதுல ஒரு வார்த்தையும் இல்ல, மறு உத்தரவு வர்ற வரைக்கும் வச்சிருங்கன்னுதான் இருக்கு. அத மன்னிப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதுல பெரும்பாலானவங்கள அயோவாவுல டேவன்போர்ட் பக்கம் கொண்டுபோய் அடைச்சாங்க, நோயில நூறு பேருக்கு மேல செத்தாங்க, உயிரோட மிஞ்சினவங்கள 1866ல லிங்கனுக்கு அடுத்து வந்த ஜனாதிபதி ஜான்சன்தான் விடுதலை பண்ணார்.

கேள்வி: எல்லாரையுமே விட்டிருக்கலாமே? - கல்லூரி மாணவர், மதுரை

பதில்: மறு விசாரணையாவது வச்சிருக்கணும், இது என் அபிப்பிராயம். ஆனா அந்தப் பக்கம் அந்தப் பகுதி ராணுவத் தலைவர் ஜெனரல் போப்பும் மினசோட்டா கவர்னர் ராம்சேயும் எல்லாரையும் தூக்குல போடணும்னு நெருக்குறாங்க, இல்லாட்டி ஜனங்களே புகுந்து கொன்னுடுவாங்கன்னு மிரட்டல் வேற. இன்னும் நிறைய பேர தூக்குல போட்டிருந்தா ஓட்டு கூட விழுந்திருக்கும்னு ராம்சே பின்னாடி சொன்னப்ப, ஓட்டுக்காக மனுஷங்கள தூக்குல போட முடியாதுன்னு லிங்கன் பதில் சொன்னாராம். அந்த நெருக்கடியில இவ்ளோ பேர நிறுத்தி வச்சது பெரிய விஷயம்தான், அத நான் மறுக்கல.

கேள்வி: ஆள் மாறி ஒருத்தர தூக்குல போட்டாங்களாமே? - வாசகர், சேலம்

பதில்: ஆமாங்க, இத எழுதும்போது கை ஓடல. டகோட்டா வழக்கத்துல தலைச்சன் பையனுக்கு சாஸ்கான்னு பேர், நம்மூர்ல வீட்டுக்கு வீடு ஒரு பெரியவன் இருக்கிற மாதிரி அங்க எத்தனையோ சாஸ்கா. பட்டியல்ல இருந்தது 121ஆம் நம்பர் சாஸ்கேடன். டிசம்பர் 26 காலைல மினசோட்டாவுல மான்கேட்டோங்கிற ஊர்ல ஒரே மேடையில தொங்கவிட்ட 38 பேர்ல (ஒருத்தருக்கு கடைசி நேரத்துல நிறுத்தி வச்சாங்க) இருந்ததோ 3ஆம் நம்பர் சாஸ்கா, லிங்கன் பட்டியல்லயே இல்லாதவர். சண்டை நடந்தப்ப சாரா வேக்ஃபீல்டுங்கிற டாக்டர் மனைவியையும் குழந்தைங்களையும் ஆறு வாரம் காப்பாத்தினவர் அவர்தான், அந்தம்மா கோர்ட்டுலயும் அவருக்காக சாட்சி சொல்லியிருந்தாங்க. பேர் குழப்பத்துல நடந்துபோச்சுன்னு ரிக்ஸ்ங்கிற பாதிரியார் பின்னாடி அந்தம்மாவுக்கு கடிதம் எழுதினார்.